555 புத்தகத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்: தொழில்முனைவர் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பயிற்சித் திட்டங்களை நடத்துவோருக்கும், தொழில்முனைவர் போட்டிகளில் நடுவராக அமரும் ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த போட்டிக்கான விண்ணப்பப் படிவம் இந்நேரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அது அச்சுக்குப் போகுமுன் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். புத்தாக்கத்துக்கு இத்தனை மதிப்பெண், சந்தையின் அளவுக்கு இத்தனை, மேடையில் எடுத்துப் பேசும் விதத்துக்கு இத்தனை என்று நான் பார்த்த படிவங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. காசு வசூலிப்பது, புகாருக்குப் பதில் சொல்வது, சரக்கு எண்ணுவது, பில் பொருந்தாவிட்டால் உட்கார்ந்து தேடுவது, இவற்றுக்கு அரை மதிப்பெண்கூட இல்லை. புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பகல்பொழுது பெரும்பாலும் இதில்தான் போகிறது.

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனத்தில் நான் ஒருத்தி. மளிகைக் கடைகளின் கடன் கணக்கையும் சரக்குக் கணக்கையும் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் செயலி எங்களுடையது. தீவில் சில கடைகள், அக்கரையில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் சில கடைகள். மேடைக்குப் போவது என் தம்பி. பேச்சு அவனுக்கு வரும். கணக்கும் கடைகளும் என் பொறுப்பு. அதனால் உங்கள் போட்டிகளை நான் பார்த்ததெல்லாம் கடைசி வரிசை நாற்காலியில் இருந்துதான்.

கடைசி வரிசையில் இருந்து பார்த்தால் சில விஷயங்கள் நன்றாகத் தெரியும். ஒருவருக்கு ஐந்து நிமிடம், பத்து சிலைடு. பேசி முடித்ததும் நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இதை எப்படி ஸ்கேல் பண்ணுவீங்க?" என்று கேட்பார். அதற்குப் பதில் தயாரிக்காமல் வந்த பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. முதலில் இந்தோனேசியா, பிறகு வியட்நாம் என்று வரைபடத்தில் அம்புக்குறி ஓடும். "போன மாசம் உங்களை விட்டுட்டுப் போன வாடிக்கையாளர் யாரு, ஏன் போனாரு?" என்று எந்த நடுவரும் கேட்டு என் காதில் விழுந்ததில்லை. அதன்பிறகு மாலை, பொன்னாடை, ஆளுயர மாதிரிக் காசோலை, மறுநாள் நாளிதழில் படம். படத்தைக் குறை சொல்லவில்லை. தம்பியின் படத்தை எங்கள் அம்மா வெட்டி எடுத்து, சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த தொழிலையே எடுத்துச் சொல்கிறேன். 555 புத்தகம் உங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளங்கையில் அடங்கும், அட்டையில் மூன்று ஐந்து போட்டிருக்கும் குறிப்பேடு. இந்த நாட்டில் மளிகைக் கடைக் கடன் என்றாலே அதுதான். அந்தக் கணக்கைக் கைப்பேசிக்குக் கொண்டுவருவது எங்கள் யோசனை. மேடையில் சொல்ல அரை நிமிடம் போதும். நிரல் எழுதுவதும் பெரிய பாடாக இல்லை. பாடு அதற்குப் பிறகுதான். பழைய புத்தகங்களில் இருக்கும் பாக்கியை எல்லாம் யார் ஏற்றுவது? கடைக்காரருக்கு நேரமில்லை. பாக்கி ஏறவில்லை என்றால் அவர் செயலியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். ஆகவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நானே தட்டினேன்.

புத்தகத்தில் பெயர்கள் எப்படி இருக்கும் தெரியுமா? "மோட்டார் அக்கா", "பச்சை கேட்", "லோரி சாமி", "டீச்சர் மருமகன்". எங்கள் செயலியோ முழுப்பெயரும் கைப்பேசி எண்ணும் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. கடைக்கார அண்ணனிடம் கேட்டேன், "மோட்டார் அக்கா நம்பர் என்னண்ணே?" அவர் தராசில் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "இருபது வருசமா வர்றாங்கம்மா. இப்பப் போய் நம்பர் கேட்டா, காசுக்கு ஆள் விடப்போறேன்னு நெனைச்சுக்குவாங்க. பொறவு கடைப்பக்கமே வரமாட்டாங்க." அன்று இரவே அந்த இரண்டு கட்டாயங்களையும் எடுத்துவிட்டோம். பட்டப்பெயர் மட்டும் இருந்தால் போதும், கணக்குத் திறக்கலாம்.

அடுத்தது கூட்டல். எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் புத்தகத்தில் இருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகாது. இருபது காசு குறையும், ஒரு வெள்ளி (ஒரு ரிங்கிட்) குறையும். கூட்டத் தெரியாமல் அல்ல. வயதானவர்கள் சில்லறையைத் தேடித் துழாவும்போது "போகட்டும் பாட்டி" என்று விட்டுவிடுவார், அதை எழுதுவதில்லை. செயலி அந்த வித்தியாசத்தை எல்லாம் சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது. தன் கடையில் தானே திருடியதுபோல் அது தன்னைப் பார்க்கிறது என்று இன்னொரு கடைக்காரர் எரிச்சல்பட்டார். "விட்டது" என்று ஒரு பொத்தானை வைத்தோம். எங்கள் செயலியில் கடைக்காரர்கள் ரசித்து அழுத்தும் பொத்தான் இன்றைக்கும் அதுதான்.

மூன்றாவதாக ஒன்று. பாக்கி வைத்தவருக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும் வசதி ஒன்றை வைத்திருந்தோம். மேடையில் தம்பி அதைக் காட்டியபோது கைத்தட்டல் எழுந்தது. நடுவர் ஒருவர் தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். கடைக்காரர்கள் முதல் வேலையாக அணைக்கச் சொன்னது அதைத்தான். புத்தகங்களை வரிசையாக ஏற்றியபோது எனக்கும் காரணம் புரிந்தது. பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு மாதக் கடைசியில் கடன் ஏறும், சம்பளம் விழுந்ததும் இறங்கும். அவர்கள் கட்டத்தான் போகிறார்கள். சம்பளத்துக்கு முந்தைய வாரம் குறுஞ்செய்தி அனுப்பினால் காசு வராது, மனக்கசப்புதான் வரும்.

இந்த மூன்றும் எந்தக் கருத்துக்கணிப்பிலும் கிடைத்தவை அல்ல. கடைக்காரரை ஹோட்டலுக்கு அழைத்து, காப்பி கொடுத்து, "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்டிருந்தால், "வியாபாரம் டல்லும்மா" என்று சொல்லியிருப்பார். தட்டச்சு வேலைக்கு ஒரு பகுதிநேரப் பிள்ளையை வைத்திருந்தால், அவள் "மோட்டார் அக்கா" என்ற இடத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு ஒப்பேற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவள்மேல் தப்பில்லை, அவளுக்குச் சொல்லப்பட்ட வேலை அவ்வளவுதான். படிவத்தை மாற்றும் உரிமை உள்ளவரே தட்டும்போதுதான் தப்பு படிவத்தில் இருக்கிறது என்பது தெரிகிறது. எங்கள் செயலியைப் பார்த்து நல்ல நிரலாளர் யார் வேண்டுமானாலும் இன்னொன்றைச் செய்துவிடலாம். "விட்டது" பொத்தான் எதற்கு என்று அவருக்குத் தெரிய, அவரும் அந்த நாற்காலிக்கு வந்தாக வேண்டும்.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் பெயர் கிராப், கைப்பேசியில் வாடகைக் கார் அழைக்கும் செயலி. 2011இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற திட்டம் என்று சொல்லாத பேச்சாளர் குறைவு. சொல்லட்டும், உண்மைதான். அந்தோணி டானும் டான் ஹூய் லிங்கும் 2012இல் கோலாலம்பூரில் அதை மைடெக்சி என்ற பெயரில் தொடங்கியபோது என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். டெக்சி நிறுவனங்களின் கதவைத் தட்டி, முடியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு, திறன்பேசியே பிடித்துப் பழகாத ஓட்டுநர்களுக்கு அதைக் கையில் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வீடுகளைத் தங்குவதற்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் நிறுவனர்கள் 2009இல் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார்கள். வாடகைக்கு விடுபவர்கள் தாங்களே எடுத்துப் போட்ட மங்கிய படங்களைப் பார்த்து யாரும் முன்பதிவு செய்யவில்லை என்பதுதான் காரணம்.

நம் ஊரிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2001இல் ஏர் ஏசியா விமான நிறுவனத்தை ஒரு ரிங்கிட்டுக்குக் கடனோடு வாங்கிய டோனி ஃபெர்னாண்டஸ், அவ்வப்போது விமானத்தில் பெட்டி ஏற்றும் ஊழியர்களோடு சேர்ந்து வேலை செய்வார். ஏர்பஸ் விமானங்கள் வந்தபோது பெட்டிகளை மேலே ஏற்ற பெல்ட் இயந்திரம் வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். செலவு என்று மறுத்துவிட்டார். பிறகு ஒருநாள் தானே தூக்கிப் பார்த்து முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் வாங்கச் சம்மதித்தார். அவரே பல இடங்களில் சொன்ன கதை இது. அறையில் இருந்தபடி படித்த கோரிக்கைக் கடிதம் செய்யாததை, தூக்கிய பெட்டி செய்தது.

இதெல்லாம் வெளியில் இருந்து வந்த புதுப் பாடமும் அல்ல. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் லெபோ பினாங்கில் நகரத்தார் கிட்டங்கிகள் (வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் சேர்ந்து தொழில் நடத்திய கூடங்கள்) எப்படி ஆளை உருவாக்கின என்பது உங்களில் பலருக்குத் தாத்தா வழியாகவே தெரிந்திருக்கும். கப்பலேறி வந்த பையன் முதலில் பெட்டியடிப் பையன். கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, சிட்டை எழுதுவது, ஓடிப்போய் வசூலுக்கு நினைவூட்டி வருவது. கை பழகிய பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகுதான் கடையைப் பொறுப்பெடுத்து நடத்தும் மேலாள். மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது கணக்கு முடித்து ஐந்தொகை காட்ட வேண்டும். முதலாளி வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும் பெட்டியடியில்தான் தொடக்கம். அந்த முறையில் பையன்கள் பட்ட கஷ்டமும் கொஞ்சநஞ்சமல்ல. எதிர்த்து ஒரு கேள்வி கேட்க முடியாது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. கணக்கு எழுதாதவன் கையில் கடையைக் கொடுக்காத அந்தக் கறாரைத்தான் சொல்கிறேன்.

பிறகு எப்படி இந்த வேலை நமக்கு இளப்பமாகப் போனது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய தலைமுறைக்குக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், என்றால் பெரிய மனிதர்: வெள்ளைச் சட்டை, நிழலில் மேசை. தன் பிள்ளை மூட்டை தூக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்று அவர்கள் பட்ட பாட்டில்தான் நாமெல்லாம் பல்கலைக்கழகம் போனோம். அந்தப் பிள்ளை படித்து முடித்து, நிறுவனம் தொடங்கி, மளிகைக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அரிசி பாக்கி தட்டினால் வீட்டில் மனசு கேட்காது. என் அப்பா ஒருமுறை கடைக்கே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கவலையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் நடத்தும் மேடை அந்தக் கவலையைத் தணிக்க வேண்டும். இப்போது அதை வளர்க்கிறது. ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு நடந்து நடந்து பேசுவது மட்டும்தான் தொழில் என்ற படத்தைப் பெற்றோருக்கும் சேர்த்துக் காட்டுகிறது.

இன்னொன்று, இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார் என்று தெரியவில்லை. போட்டிக்கு வரும் பல குழுக்களில் மேடையில் நிற்பவர் ஒருவர், கணக்கு பார்ப்பவர் வேறொருவர். கணக்கு பார்ப்பவர் பெரும்பாலும் அக்காவோ, மனைவியோ, கல்லூரித் தோழியோ. விருதில் பெயர் வருவது முன்னவருக்கு. "சப்போர்ட் பண்ணின குடும்பத்துக்கு நன்றி" என்று சொல்வது பின்னவருக்கு. நிறுவனத்தில் அவர் பங்குதாரரா, சம்பளம் வாங்குகிறாரா, அல்லது சும்மா உதவிக்கு வந்தவரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. கேட்டால் சில வீடுகளில் சங்கடமான பேச்சு நடக்கும். நடக்கட்டும்.

சலிப்பூட்டும் வேலை எல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒளிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரரிடம் போய்க் காசு கேட்க வெட்கப்பட்டு, எக்செல் தாளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். அதுவும் வேலை மாதிரியேதான் தெரியும். செய்யச் செய்ய எதையாவது கற்றுத் தருகிற வேலை ஒருவகை, களைப்பை மட்டும் தருகிற வேலை இன்னொரு வகை. பாக்கி ஏற்றுவது முதல் சில கடைகளில் எனக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை. அப்போது முறையை எழுதிவைத்து, சம்பளத்துக்கு ஆள் போட்டோம். ஒப்படைக்கும் நேரம் எது என்று தெரிந்திருப்பதும் தொழில்தான். தொடாமலே ஒப்படைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

விலைப்பட்டியலை வரி வாரியத்தின் தளம் வழியாக மின்வடிவில் அனுப்பும் மின்-விலைப்பட்டியல் விவகாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எங்கள் நேரத்தை அதிகம் தின்பது அதுதான். 2024 ஆகஸ்ட் 1இல் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கி, உள்நாட்டு வருமான வரி வாரியம் இதைக் கட்டம் கட்டமாகக் கீழே கொண்டுவந்தது. சிறு கடைக்குக் கட்டாயமில்லை என்று நினைத்து நிம்மதியாக இருக்க முடியாது. அவருக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி இந்த வலைக்குள் இருந்தால், வாங்குபவரின் வரி அடையாள எண்ணையும் வணிகப் பதிவு எண்ணையும் அவர் கேட்பார். ஒரு கடையில் அதைக் கேட்டபோதுதான் பதிவு இன்னமும் காலமான அப்பாவின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருப்பது வெளியே வந்தது. மகன் பல ஆண்டுகளாகக் கடை நடத்துகிறார், காகிதத்தில் அவர் இல்லை. மரணச் சான்றிதழைத் தேடி எடுத்து, நிறுவன ஆணைய அலுவலகத்தில் எண் வாங்கிக் காத்திருந்து, வரி எண்ணுக்கு மனுப்போட்டு, அந்த வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் நுழையக் கற்றுக் கொடுத்தது வரை எல்லாம் எங்கள் தலையில். செயலிக்கும் இதற்கும் நேரடி உறவு ஏதுமில்லை. விலைப்பட்டியலில் தப்பு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுக்க வேண்டும் என்பதை நாங்கள் சொன்ன பிறகுதான் அவர் கவனித்தார். அவருடைய தம்பி கடை, மாமா கடை எல்லாம் இப்போது எங்களிடம்தான் இருக்கின்றன. விளம்பரத்துக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை.

நிதி இல்லை என்று யாரும் இப்போது சொல்ல முடியாது. புது நிறுவனங்களுக்கு நிதி தரும் அரசு அமைப்பான கிரேடலின் சிப் ஸ்பார்க் மானியம் 150,000 ரிங்கிட் வரை போகிறது. சிறு வணிகங்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனல் வழியாக வரும் ஸ்பூமி கடன் இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்றே இருக்கிறது. 2024இல் ஸ்பூமி கோஸ் பிக் என்று 3 கோடி ரிங்கிட் ஒதுக்கி, ஒருவருக்கு 100,000 ரிங்கிட் வரை என்று விரிவாக்கினார்கள். எந்த வாசலைத் தட்டினாலும் முதலில் கேட்பது பதிவுப் பத்திரமும் வங்கி அறிக்கையும் கணக்கும். ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பயிற்சி கொடுக்க வார இறுதி முகாம் நடத்துகிறோம். வரவு செலவைத் தனிக் கணக்கில் வைக்க, சொந்தக் காசையும் கடைக் காசையும் கலக்காமல் இருக்க, யார் முகாம் நடத்துகிறார்கள்? ஒரு போட்டியில் பரிசு வாங்கிய குழு ஒன்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். பரிசுப் பணத்தின் அடுத்த தவணைக்குக் கணக்கு கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. ரசீதுகள் ஒரு சாக்லெட் டப்பாவில் கிடந்தன. பொருள் நன்றாகத்தான் இருந்தது, ஆட்களும் கெட்டிக்காரர்கள். தனியார் நிறுவனம் பதிவு செய்தால் 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

இனி நான் கேட்பது.

விண்ணப்பத்தோடு கடைசி மூன்று மாத வரவு செலவுக் கணக்கை வாங்குங்கள். கையால் எழுதிய நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அழகு பார்க்காமல் ஒழுங்கைப் பாருங்கள். இன்னும் விற்பனை தொடங்காத குழு என்றால், யாரிடம் எல்லாம் பேசினார்கள், அவர்கள் என்ன மறுப்பு சொன்னார்கள் என்ற குறிப்பைக் கேளுங்கள். கூடவே புகார்ப் பட்டியல் ஒன்றும் வேண்டும். புகாரே இல்லை என்று எழுதுகிறவருக்கு வாடிக்கையாளரும் இருக்க வாய்ப்பில்லை. கணக்கு பார்ப்பவரின் பெயரும் அவருடைய பங்கு என்ன என்பதும் படிவத்தில் வரட்டும், இறுதிச் சுற்றுக்கு அவரையும் மேடைக்கு அழையுங்கள். ஒரு கேள்வியாவது அவரிடம் போகட்டும். தம்பியை நிற்க வைத்துவிட்டு என்னிடம் கேட்டிருந்தால், குறுஞ்செய்தி வசதியைப் பற்றி நடுவருக்கு வேறு பதில் கிடைத்திருக்கும்.

இறுதிச் சுற்றுக்கு முன் நடுவர் ஒவ்வொருவரும் ஒரு குழுவின் வாடிக்கையாளர் இடத்தில் அரைநாள் இருந்து பார்க்க வேண்டும் என்பது அடுத்தது. இதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். எல்லோருக்கும் வேலை இருக்கிறது, டத்தோ பட்டம் பெற்றவர்களுக்கு அதைவிட அதிகமாக. இருந்தாலும் ஹோட்டல் மண்டபத்தில் செலவாகும் அரைநாளை அங்கே செலவழித்தால் மதிப்பெண் போடுவது எளிதாகிவிடும். யார் செய்கிறார்கள், யார் சொல்கிறார்கள் என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும்.

பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுக்காமல், ஓராண்டுக்குக் கணக்கருக்கும் நிறுவனச் செயலாளருக்கும் ஆகும் கட்டணமாகக் கட்டிவிடுங்கள். முதல் ஊழியரைச் சேர்க்கும் நாளில் இது கைகொடுக்கும். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் ஊழியர் சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஊழியர் பங்கு 11. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஊழியர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சந்தாவும் அப்படியே. இது தெரியாமல் "மூவாயிரம் சம்பளம்" என்று வாய்விட்டவர்கள் கையில் இருந்து எவ்வளவு போகும் என்று பிறகு கணக்குப் போட்டு முழிக்கிறார்கள்.

பயிற்சிகளின் நேரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மின்-விலைப்பட்டியல் விளக்கக் கூட்டம் சனிக்கிழமை காலையில் என்றால் எந்த மளிகைக் கடைக்காரர் வருவார்? பிற்பகல் 3 மணி, கடையில் ஈ ஓட்டும் நேரம், லெபோ பாசார் பக்கம் ஏதாவது ஒரு கடை மாடியில், தமிழில் வையுங்கள். அதிகாரியை அங்கே அழைத்து வாருங்கள். சிலைடு வேண்டாம், அவரவர் கைப்பேசியைத் திறந்து, அவரவர் எண்ணைப் போட்டு, முடித்துவிட்டுப் போகும்படி செய்யுங்கள். அங்கே உதவிக்கு நிற்க, போட்டிக்குப் பெயர் கொடுத்த இளையவர்களையே அனுப்பலாம். வேண்டுமானால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இவற்றில் எல்லாமே இந்த ஆண்டு நடக்காது என்று எனக்குத் தெரியும். சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நகர எவ்வளவு நாளாகும் என்று பார்த்தவள்தான். கணக்கு வாங்குவதையும் நடுவரைக் கடைக்கு அனுப்புவதையும் மட்டுமாவது இந்த முறை செய்துபாருங்கள். நடுவருக்கான முதல் கடையை நான் ஏற்பாடு செய்கிறேன். மோட்டார் அக்காவுக்குக் கடன் கொடுக்கும் அந்த அண்ணனிடம் கேட்டுவிட்டேன். "வரச் சொல்லும்மா, வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், பூ வெத்தலை தேங்காய்க்கு ஆள் நிக்கும்" என்றார். மற்ற நாளில் காலை 10 மணிக்கு மேல் எப்போது வந்தாலும் சரி. நாற்காலி இருக்கிறது, அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் நல்லது, கடையில் விசிறி ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுனில் மளிகைக் கடைகளுக்குக் கணக்குச் செயலி நடத்தும் மூவரில் கணக்கு பார்ப்பவள்